மாமியின் வேகத்தில் ஏப்ரல் விடுமுறை: கொழும்பில் பிள்ளைகளோடு ஊர் சுற்றுவது எப்படி

நான் கணக்கு வாத்தியார். அதனால் முதல் வருடம் ஏப்ரல் விடுமுறையை நேரசூசி போட்டுத்தான் தொடங்கினேன். காலை 9 மணிக்குத் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, 12 மணிக்கு நூதனசாலை, 3 மணிக்குக் காலிமுகத்திடல், 6 மணிக்கு வீடு. தாளில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு நாங்கள் இன்னும் சிங்கத்தையே பார்க்கவில்லை. மூத்தவனின் செருப்பு வார் அறுந்துவிட்டது. சின்னவள் குடித்த நெக்டோவை என் சேட்டிலேயே திருப்பித் தந்துவிட்டாள். நல்லூரிலிருந்து வந்திருந்த மாமி (மனைவியின் அம்மா) மரத்தடி வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, "தம்பி, எனக்கு இதில நல்ல காத்து வருது. நீங்கள் பிள்ளையளோட போய் மிருகங்களைப் பார்த்திட்டு வாங்கோ. நான் இதில இருந்து சனத்தைப் பார்க்கிறன்" என்றார். நாங்கள் போய் ஒரு மணிநேரம் கழித்து, வியர்த்து, சண்டை பிடித்து, ஒரு பிள்ளை அழுதபடி திரும்பி வந்தோம். மாமியோ பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மாவோடு, இரண்டு பேருக்கும் மற்றவரின் பாஷை தெரியாமலே, முழங்கால் நோவைப் பற்றி விரிவாகக் கதைத்து முடித்திருந்தார். கையில் அந்த அம்மா கொடுத்த கொண்டைப் பலகாரம் வேறு. அன்றைக்கு எங்கள் நாலு பேரில் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த வருடத்தோடு நாலு ஏப்ரல் முடிந்துவிட்டது. மனைவி வங்கியில் வேலை, அவளுக்கு அந்த மாதம் லீவு கேட்கவே முடியாது. எனக்குப் பாடசாலை விடுமுறை, பிள்ளைகளுக்கும் விடுமுறை, மாமி வருடப்பிறப்புக்கு வருவார். மூத்தவனுக்கு இப்போது 11, சின்னவளுக்கு 7. வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடு, லிஃப்ட் தன் மனம்போல் வேலை செய்யும். இதே நிலையில் இருக்கிற அப்பாமாருக்காகவும் அம்மாமாருக்காகவும், பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் விதி ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது: வீட்டில் யார் ஆக மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகத்துக்குத் திட்டம் போடுங்கள். பிள்ளைகளின் வேகத்துக்குப் போட்டால் பத்து மணிக்கே எல்லாருக்கும் களைப்பு. மாமியின் வேகத்துக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்தான் போகமுடியும். அந்த ஒரு இடம் போதும்.

வெயில் கணக்கு

ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில், தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டிருக்கும். கொழும்புக்கு உச்சி வருவது 7ஆம் திகதியை அண்டி. பிள்ளைகளின் விடுமுறை சரியாக அந்த நாட்களில்தான் விழுகிறது. அதோடு கடற்கரை ஊரின் புழுக்கம். "யாழ்ப்பாணத்து வெயில் சுடும், கொழும்பு வெயில் அவிக்கும்" என்பது மாமியின் கணிப்பு. அதைவிடச் சரியாக வானிலை அறிக்கையிலும் நான் கேட்டதில்லை.

பின்னேரத்தில் இன்னொரு வில்லங்கம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் இரண்டு, மூன்று மணிக்குப் பிறகு இடியும் மின்னலுமாக மழை கொட்டலாம். கொட்டாமலும் போகலாம். ஆகவே வெளியே போகக்கூடிய நேரம் ஒரு நாளில் இரண்டு துண்டுதான்: காலை ஆறரை முதல் பத்து வரை, மாலை நாலரை முதல் இருட்டும் வரை. ஆறே கால் அளவில் சூரியன் விழுந்துவிடும். இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் சேட்டே சாட்சி. மாலைப் பயணம் என்றால் நாலு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால், இடி கேட்டால், வெட்டவெளிக்குப் போகிற யோசனையை விட்டுவிடுங்கள். கைபேசியில் பார்க்கிறேன் என்று நான் நிற்பேன். மாமி கொடியில் காயப்போட்ட சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வரும்" அல்லது "வராது" என்பார். இதுவரை கைபேசி தோற்றுக்கொண்டே இருக்கிறது.

ஒரு நாள் வெளியே போனால் அடுத்த நாள் வீடு. இதில் சமரசம் வேண்டாம்.

பையில் என்ன

பெரிய பட்டியல் தேவையில்லை. தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று (பொதுப் போத்தல் என்றால் யார் எச்சில் பண்ணியது என்ற விசாரணை வரும்), ஒரு துவாய், பழைய பொலித்தீன் பை நாலைந்து, மோந்து பார்க்க ஒரு தேசிக்காய். பஸ்ஸிலும் ஓட்டோவிலும் சின்னவளுக்கு வயிற்றைப் பிரட்டும். தேசிக்காயை மூக்கில் பிடித்தால் தெஹிவளைச் சந்தி வரை தாங்குவாள், பொலித்தீன் பை அதற்கு அப்பால். பிறகு ஒரு ஊசி, நூல். முதல் வருடச் செருப்புக்குப் பிறகு அது பையை விட்டு வெளியே வந்ததேயில்லை.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. மாமி வெளியே கிளம்பினால் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பமாட்டார். ஐந்து நிமிட நடை என்றாலும் புட்டும் சம்பலும் சில்வர் பெட்டியில் ஏறிவிடும். அதைத் தடுக்க முயலாதீர்கள். நான் ஒரு முறை தடுத்தேன். அன்று பிள்ளைகள் வழியில் கண்ட கடையிலெல்லாம் ரோல்ஸ், பற்றிஸ், ஐஸ்சொக் என்று வாங்கி, நான் அந்த மாதப் பால்காசைச் செலவழித்தேன். தடுக்காமல், எப்போது திறப்பது என்று மட்டும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

காசுக்கு ஒரு வழி: வெளியே போகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடித உறை, அதற்குள் 2,000 ரூபாய், உறையை மூத்தவனிடம் கொடுத்துவிடுங்கள். என்னிடம் "அப்பா, வாங்கித் தாங்கோ" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, சின்னவள் அவனிடம் கேட்பாள். அவனைப்போல் ஒரு கஞ்சனை நீங்கள் எந்த வங்கியிலும் காணமாட்டீர்கள்.

கல்கிசைக்கு ரயிலில்

கொழும்பில் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆக மலிவான, ஆக நல்ல இடம் எது என்று கேட்டால் கரையோர ரயில் என்பேன். ரயில்தான் இடம், போய்ச் சேருகிற ஊர் இரண்டாம் பட்சம். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது. தெற்கே போகும்போது வலப்பக்கம் கடல். காலை ஏழு மணிக்கு அலுவலகச் சனமெல்லாம் கோட்டைப் பக்கம் வரும், நீங்கள் எதிர்ப்பக்கம் போவீர்கள், ஆகவே இருக்கையும் கிடைக்கும், யன்னலும் கிடைக்கும். யன்னலுக்கு யார் என்ற சண்டை வரும். வெள்ளவத்தை முதல் தெஹிவளை வரை ஒருவர், அங்கிருந்து கல்கிசை வரை மற்றவர். தூரம் சமமா என்று மூத்தவன் கேட்டான். கணக்கு வாத்தியாரின் மகன். திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

வாசலில் நிற்க விடாதீர்கள். பிள்ளைகளை மட்டும் சொல்லவில்லை. கடற்காற்றுப் படுகிறது என்று மாமியும் வாசலுக்குப் போகப் பார்ப்பார்.

இனி அந்தச் சாப்பாட்டுப் பெட்டி விவகாரம். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்கு நடுவில் ஒரே ஒரு தரிப்பு, பத்து நிமிடம் அளவிலான பயணம். ரயில் புறப்பட்டதுமே மாமி, "பிள்ளையள் வெறும் வயித்தோட வந்ததுகள்" என்று பெட்டியைத் திறந்துவிட்டார். மடியில் புட்டு, மூடியில் சம்பல், ஒரு கையில் வாழைப்பழம். தெஹிவளை வந்தது, போனது. கல்கிசை வந்தபோது சின்னவளின் வாயில் புட்டு, மூத்தவனின் காற்சட்டையில் சம்பல், மாமியின் பெட்டி மூன்று துண்டாகப் பிரிந்து மூன்று இருக்கையில் கிடந்தது. ரயில் அங்கே நமக்காகக் காத்து நிற்காது. "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று நான் கத்தி முடிப்பதற்குள் அது நகர்ந்துவிட்டது. மூத்தவன் அமைதியாக, "அப்பா, அடுத்தது இரத்மலானை" என்றான்.

இரத்மலானையில் இறங்கினோம். வாசலில் நின்றவர் சீட்டைக் கேட்டார். கல்கிசைக்கு எடுத்த சீட்டுத்தான் கையில், அதிலும் ஒன்றைக் காணவில்லை. எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பழைய தடித்த அட்டைச் சீட்டு. சின்னவள் தன்னுடையதைச் சப்பாத்துக்குள் ஒளித்திருந்தாள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கவாம். நிலையத்தின் நடுவில் சப்பாத்தைக் கழற்றி, புட்டு ஒட்டிய அந்த அட்டையை எடுத்து நீட்டினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொல்லவும் தொடங்கினேன். அவர் சீட்டைப் பார்த்தார், மாமியின் கையில் இருந்த சம்பலைப் பார்த்தார், போங்கள் என்று கையைக் காட்டினார்.

இரத்மலானையில் மாட்டிக்கொண்டால் பயப்படத் தேவையில்லை. காலி வீதிக்கு வந்து, புறக்கோட்டைக்குப் போகிற 100 அல்லது 101 பஸ்ஸைப் பிடித்தால் கல்கிசைச் சந்தியில் இறங்கலாம். ஆனால் பெட்டியைக் கடற்கரையில் திறப்பது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தால் இதெல்லாம் வேண்டியதில்லை.

கடலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏப்ரலில் மேற்குக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை அது வேறு கடல். ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்கள் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் பிள்ளைகளுக்கு முழங்கால் அளவு, அதற்கு மேல் இல்லை, பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்கவேண்டும். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. சிவப்புக் கொடி இருந்தால் காலையும் நனைக்க வேண்டாம்.

இந்த அறிவுரையை மாமிக்கும் சொன்னேன். அவருக்குக் கடல் என்றால் காரைநகர் கசூரினா, நடந்துகொண்டே போனாலும் இடுப்புக்கு மேல் வராத தண்ணீர். "எனக்குக் கடல் தெரியாதோ, தம்பி?" என்று செருப்போடு போய் நின்றார். ஒரு அலைதான் வந்தது. திரும்பும்போது ஒரு செருப்பையும் கூட்டிக்கொண்டு போனது. மற்றச் செருப்பை மாமி, "இதையும் கொண்டு போ" என்று எறிந்தார். பத்து மணிக்கு மணல் கொதிக்கத் தொடங்க, என் செருப்பை மாமிக்குக் கொடுத்துவிட்டு நான் தாண்டித் தாண்டி ஓடியதைப் பிள்ளைகள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

காலிமுகத்திடல், வெள்ளி தவிர்த்து

ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலிமுகத்திடலின் நடைபாதையை 1856இல் தொடங்கி, 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக் கல்வெட்டும் வைத்தவர். கணக்கு வாத்தியார்மாரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் அங்கே போனால் பை சுமக்கிற வேலைதான்.

ஏன் வெள்ளிக்கிழமை கூடாது? இறால் வடை. பருப்பு வடையின் மேல் முழு இறாலை வைத்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாய்ச் சாறும் ஊற்றித் தருவார்கள். சிங்களத்தில் இஸ்ஸோ வடை. அந்த மணம் திடல் முழுக்க நிற்கும். மாமிக்கு வெள்ளியும் செவ்வாயும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை தெரியாமல் கூட்டிப்போனேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு வடை தின்ன, மாமி காற்று வருகிற திசையாகப் பார்த்து வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் பார்ப்பதைக் கண்டதும், "மணத்துக்கு விரதம் இல்லைத்தானே, தம்பி" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலிமுகத்திடல் என்றால் புதன் அல்லது வியாழன்.

இரண்டாவது விஷயம் பட்டம். அங்கே விற்கிற பட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நான் வடமராட்சி. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறுகிற பட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். கொக்கு, பிராந்து, வௌவால், படலம், இரவிரவாக விண் என்கிற நாண் கூவுகிற பட்டம் என்று பிள்ளைகளுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டேன். "அப்பா, நீங்கள் கட்டினீங்களா?" என்று சின்னவள் கேட்டாள். கட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

வாங்கியது ஒரு வௌவால் பட்டம். சீலைத் துணி, உள்ளே பிளாஸ்ரிக் குச்சி. நான் நூலைப் பிடிக்க, மூத்தவன் தூக்கிப் பிடிக்க, ஓடினேன். பட்டம் தலைகீழாக வந்து ஒரு ஐயாவின் ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில் குத்தியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு முறை ஓடினேன். இந்த முறை பக்கத்துப் பிள்ளையின் நூலோடு சிக்கியது. மூன்றாவது முறை ஓடுவதற்கு மூச்சு இல்லை. காற்றில் பிழை, ஏப்ரலில் காற்று சோம்பேறி, ஆகஸ்ட்டில் வந்தால் பாருங்கள் என்றேன். அது முழுப்பொய்யும் இல்லை. தென்மேல் பருவக்காற்று வீசுகிற ஆகஸ்ட்தான் அங்கே பட்டத்துக்கு நல்ல காலம். ஆனால் எங்களைச் சுற்றி இருபது பட்டம் வானத்தில் நின்றது.

மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். "இஞ்ச தாங்கோ." பட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். "முச்சை பிழை, தம்பி. மேல் கயிறும் கீழ்க் கயிறும் சரியில்லை, அதுதான் குத்துது." நூலை அவிழ்த்து, விரலால் அளந்து, திரும்ப முடிச்சுப் போட்டார். கைலேஞ்சியைக் கிழித்து வாலில் கட்டினார். ஓடவில்லை, நடக்கக்கூட இல்லை. மூத்தவனைக் கொஞ்சம் தள்ளிப்போய் விடச் சொல்லி, நின்ற இடத்திலேயே இரண்டு சுண்டு சுண்டினார். ஏறிவிட்டது. மூன்று தமையன்மாரோடு வளர்ந்தவராம். பதின்மூன்று வருடம் மருமகனாக இருக்கிறேன், அன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஆகவே செய்முறை இதுதான்: கடைப் பட்டத்தை அப்படியே விடாதீர்கள், முதலில் முச்சையை, அதாவது பட்டத்தையும் நூலையும் இணைக்கிற கயிறுகளை, பாருங்கள். தலைகீழாகக் குத்தினாலும் எழும்பாமல் நின்றாலும் அந்தக் கயிறுகளின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டும். சுழன்றுகொண்டே இருந்தால் வால் போதாது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று விடுங்கள், பின்னேரக் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். சிக்கல் எடுக்கிற பொறுமை இல்லாதவர் நூலைத் தொடக்கூடாது.

நூதனசாலையில் ஒரு கல்

கறுவாத்தோட்டத்தில், விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற தேசிய நூதனசாலை 1877இல் திறந்தது. முன்னால் பெரிய ஆலமரங்கள், மாமிக்கு வாங்கு, பிள்ளைகளுக்குப் புல்வெளி. ஒரு நாளில் முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். கண்டி அரசரின் சிம்மாசனத்தையும் ஒரு கல்லையும் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தக் கல் சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு என்று பொறித்திருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்களாம். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும் (அதாவது தெவிநுவரப் பெருமாளுக்கு), பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்.

மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பழைய தமிழ் எழுத்தைத் தடவித் தடவி வாசிக்கப் பார்த்தார், நாலு எழுத்துப் பிடிபட்டது. பிறகு நான் விளக்கத்தைச் சொல்ல, கேட்டுவிட்டு, "அவன் கெட்டிக்காரன். மூண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் குடுத்தால் சண்டை வராதெல்லோ. நீங்கள்தான் ஒண்டுக்குச் சிவப்பும் மற்றதுக்குப் பச்சையும் வாங்கிறீங்கள்" என்றார். முதல் நாள் வாங்கிய தண்ணீர்ப் போத்தல்களைச் சொன்னார். அதன் பிறகு ஐஸ்கிறீமோ, தொப்பியோ, அன்னாசித் துண்டோ, எது வாங்கினாலும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே கடை. வீட்டுச் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

வீட்டில் இருக்கிற நாள்

வருடப்பிறப்பை ஒட்டிக் கொழும்பு காலியாகிவிடும், கடைகளும் பூட்டிவிடும். 12ஆம் திகதிக்கு முன் மரக்கறி, பால்மா, பாண் எல்லாம் வாங்கி வையுங்கள். வருடப்பிறப்பன்று பெரியவர்கள் காசு கொடுக்கிற கைவிசேஷ நேரத்தை இரண்டு பஞ்சாங்கமும் வேறு வேறாகச் சொல்லும். வாக்கிய பஞ்சாங்க நேரத்துக்கு ஒரு முறையும் திருக்கணித நேரத்துக்கு ஒரு முறையும் வந்து கையை நீட்டுகிறவள் எங்கள் சின்னவள். முன்கூட்டியே ஒரு பஞ்சாங்கத்தைத் தெரிவு செய்துவிடுங்கள்.

7ஆம் திகதியை அண்டிய நாட்களில் வெயில் இருந்தால் மதியம் 12 மணி 10 நிமிடத்துக்கு மொட்டைமாடியில் ஒரு போத்தலை நிமிர்த்தி வையுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி, கொஞ்ச நேரம் போத்தலின் அடியில் மறைந்தே போகும். பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிக் குதிப்பார்கள். இரண்டு நிமிட வேலை, தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், பார்த்ததும் இறங்கிவிடுங்கள்.

மொட்டைமாடிக்கு இன்னொரு பயன் வடகம். மாமி வரும்போது ஊரிலிருந்து வேப்பம்பூ கொண்டுவருவார். உளுந்தும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து வேப்பம்பூ வடகம் தட்டிப் பாயில் காயவைப்போம். காலை எட்டு மணிக்குப் போட்டு, மழைக்கு முன் ஒரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். இடையில் காகம். நிழலில் ஒரு கதிரை போட்டு, காகம் கலைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், ஒரு காகத்துக்கு 10 ரூபாய். முதல் நாள் மூத்தவன் 40 ரூபாய் கேட்டான். இரண்டாம் நாள் 90. மூன்றாம் நாள் 260 என்றதும் எனக்குச் சந்தேகம் வந்து ஒளித்திருந்து பார்த்தேன். அண்ணன் பாண் துண்டு போட்டுக் காகங்களைக் கூப்பிடுகிறான், தங்கை கலைக்கிறாள், வருமானத்தில் பாதிப் பாதி. நீங்கள் காகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பின்னேரம் மிஞ்சியிருக்கிற வடகத்தை எண்ணி அதற்குக் கொடுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் எங்களுக்கு வெள்ளவத்தையிலேயே, 57ஆவது ஒழுங்கையில், கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது, நல்ல நூலகம். பிள்ளைகளைப் படப்புத்தகங்களோடு இருத்திவிட்டு நீங்கள் பத்திரிகை பார்க்கலாம். மாமி அங்கேயும் ஆள் பிடித்துவிடுவார், பக்கத்து ஊர், பக்கத்து ஒழுங்கை, கடைசியில் ஒரு விதத்தில் சொந்தம்.

மிருகக்காட்சிசாலையைப் பற்றிக் கேட்பீர்கள். 1936 தொடக்கம் அரசாங்கத்தின் கையில் இருக்கிற பழைய இடம், ஏற்றமும் இறக்கமுமான தரை, முழங்கால் நோவுக்கு ஆகாது. போனால் காலை திறந்ததும் போங்கள், பாதியைப் பாருங்கள், மற்றப் பாதி அடுத்த வருடம்.

கடைசியாக ஒன்று. விடுமுறைக் கட்டுரையைப் பாடசாலை தொடங்குவதற்கு முதல் நாள் இரவுக்கு விடாதீர்கள். நாங்கள் இந்த வருடமும் விட்டோம். இரவு ஒன்பதரை, மாமியின் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணிநேரம், வடகப் பேணிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சின்னவள் கொப்பியோடு குசினி வாசலில் நின்று, எதை எழுத என்றாள். நிழல் மறைந்ததை எழுது, சீனக்காரன் கல்லை எழுது, அம்மம்மா பட்டம் ஏற்றியதை எழுது என்று நான் அடுக்கினேன். தலையாட்டிவிட்டுப் போய், ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துக் கொண்டுவந்து காட்டினாள். தலைப்பு: "நாங்கள் இரத்மலானைக்குப் போன கதை."